எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி, நானூறில் மாட்டி

ஹீத்ரோவிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 8,230 கிலோமீட்டர். நேரடி விமானம் என்றால் பத்து மணி நேரம் சொச்சம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. சங்கதியெல்லாம் அதற்கப்புறம் மதுரைக்கு மிச்சமிருக்கும் 420 கிலோமீட்டரில்தான்.

விடிகாலை மீனம்பாக்கம். உள்நாட்டு கவுன்டர் தராசில் இரண்டு பெட்டியும் சேர்ந்து 46.2 காட்டுகிறது. அனுமதி 15. "முப்பத்தொரு கிலோ எக்ஸ்ட்ரா சார்" என்கிறார் கவுன்டர்க்காரர், காய் நிறுக்கிறவர் மாதிரி நிதானமாக. கிலோவுக்குச் சில நூறு ரூபாய் என்று போட்டால் டிக்கெட் விலையையே தாண்டுகிறது. ஓரமாகப் பெட்டியைத் திறந்து சாக்லேட் டப்பாவையும் அத்தைக்கு வாங்கிய ஸ்வெட்டரையும் (மதுரைக்கு ஸ்வெட்டர்!) கைப்பைக்கு மாற்றலாம்தான். ஆனால் கைப்பைக்கும் 7 கிலோதான் கணக்கு.

காரணம் எளிது. லண்டன்–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–மதுரை தனி டிக்கெட் என்று வாங்கினால், இரண்டாவது விமானத்துக்கு நீங்கள் சாதாரண உள்ளூர்ப் பயணி. ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், வாங்கினால் வெளிநாட்டு எடைக் கணக்கே மதுரை வரைக்கும் செல்லும். அப்போதும் பெட்டியைச் சென்னையில் எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி கொடுத்தாக வேண்டும். நாட்டுக்குள் முதலில் இறங்கும் இடத்தில்தான் சோதனை. ஹீத்ரோவில் இறங்கி மான்செஸ்டர் போகிறவரின் பெட்டி தானாக மான்செஸ்டருக்கே போய்விடும். அந்தப் பழக்கத்தில் வருகிறவர்கள்தான் பெல்ட்டைத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார்கள். இமிக்ரேஷன், பெட்டி, டெர்மினல் மாற்றம் எல்லாவற்றுக்கும் நான்கு மணி நேர இடைவெளி விட்டால் நிம்மதி.

கொழும்பு வழி இதைவிட மேல். லண்டன்–கொழும்பு சுமார் 8,700, அங்கிருந்து மதுரை 350. மொத்தத்தில் 400 கிலோமீட்டர் கூடுதல். ஆனால் ஒரே டிக்கெட்டில் வந்தால் பெட்டி நேராக மதுரை பெல்ட்டில் வந்து விழும். கஸ்டம்ஸும் அங்கேயே.

எதுவும் சரிப்படாவிட்டால் பழைய வழி இருக்கவே இருக்கிறது: சென்னை விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் ஸ்டேஷன், தாம்பரம் போய் மதுரை ரயில். தராசே கிடையாது. படியில் பெட்டி தூக்கத்தான் ஆள் வேண்டும்.

திரும்பும்போது டிக்கெட்டில் இருக்கும் மணியைப் பார்த்து ஏமாற வேண்டாம். காலை 6க்குக் கிளம்பி 11.30க்கு லண்டன் என்றிருந்தால் பயணம் ஐந்தரை மணி நேரமல்ல, குளிர்காலத்தில் பதினொன்று. அப்போது கடிகார வித்தியாசம் ஐந்தரை, கோடையில் நாலரை. மேற்கே போகும்போது எதிர்க்காற்று வேறு, அதனால்தான் வரும்போது ஆனதைவிடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கூடுகிறது. தனி டிக்கெட் என்றால் மதுரையில் மறுபடி அதே 15 கிலோ தராசு. மாவடு ஜாடியை அதற்குத் தக்கபடி வாங்குங்கள்.