“24 மணி நேர ஹோம் நர்ஸ்” வைத்த கதை: பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

போன வருடம் ஆடியில் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வயது 76. தஞ்சாவூரில் ஆபரேஷன், பத்து நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் கும்பகோணம் வீடு. அப்பாவுக்கு 81, அவரைப் பார்த்துக்கொள்ளவே ஓர் ஆள் வேண்டும். நான் சென்னையில் வேலை, தம்பி மஸ்கட்டில். முதியோர் இல்லம் என்ற பேச்சையே அம்மா எடுக்கவிடவில்லை. சரி, வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்போம் என்று முடிவு செய்தோம்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் கார்டு கொடுத்தார். ஏஜென்சியின் பெயரை இங்கே போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். போனில் பேசியவரிடம் எதைக் கேட்டாலும் “ஆமா மேடம்”தான். “ட்ரெயினிங் முடிச்ச நர்ஸ் மேடம். 24 மணி நேரமும் அம்மா பக்கத்துலயே இருப்பாங்க. சரிப்பட்டு வரலைன்னா 48 மணி நேரத்துல வேற ஆள்.” மாதம் 26,000 ரூபாய், அது முன்பணமாக. பதிவுக் கட்டணம் 5,000 தனி. ஜிபேயில் அனுப்பச் சொன்ன நம்பர் ஏதோ ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. அப்போதே உறைத்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அவசரத்தில் அனுப்பிவிட்டேன்.

வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அமைதியான சுபாவம். ஒரு வாரம் லீவு போட்டுக் கூடவே இருந்துவிட்டுச் சென்னை திரும்பினேன். தினமும் சாயங்காலம் வீடியோ கால். தலை வாரி, பொட்டு வைத்து, பளிச்சென்று அம்மா. கேமரா கழுத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை.

அடுத்த இருபது நாளில் ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் போய் நின்றேன். கூடத்துக்குள் நுழைந்ததுமே வாடை. அம்மாவை மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்தால், வால் எலும்புக்கு மேலே ஐந்து ரூபாய்க் காசளவுக்குத் தோல் கருத்து வெடித்திருந்தது. படுக்கைப் புண். எழ முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் அங்கே ரத்த ஓட்டம் நின்று தோல் சாகத் தொடங்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டுமாம். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டர். அதை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

டயாபர் அலமாரியைத் திறந்தேன். கிளம்பும்போது பத்து பத்தாக ஆறு பாக்கெட் வாங்கி வைத்திருந்தேன். தீர்ந்தது இரண்டு. இருபது நாளுக்கு இருபது.

ஏஜென்சி கொடுத்த நோட்டில் தினமும் காலையில் பிரஷர் எழுதியிருந்தது. 130/80, 130/80, பக்கம் முழுக்க ஒரே எண். மெஷினை எடுத்து அமுக்கினால் உயிரே இல்லை. சுவர்க் கடிகாரம் நின்றுபோனதென்று மெஷினிலிருந்து ஒரு பேட்டரியை அப்பா எப்போதோ கழற்றி மாட்டியிருக்கிறார். கடிகாரம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்ணைப் பிடித்துக் கத்தினேன். அழுதுவிட்டாள். “எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருந்தேன். சும்மா கூட இருந்தா போதும்னுதான் அனுப்பினாங்க.” அவளுக்குப் பேசிய சம்பளம் 12,000, அதிலும் முதல் மாதத்தை ஏஜென்சியே பிடித்துக்கொள்ளுமாம். அம்மா ராத்திரி நாலைந்து தடவை கூப்பிடுவாள். விடிந்தால் அப்பாவுக்குக் காபி, அப்புறம் சமையல், துணி, பாத்திரம். எங்கள் வீட்டுத் தப்பும் இதில் உண்டு. ஒரே ஆள் 24 மணி நேரமும் விழித்திருப்பாள் என்று நம்பிப் பணம் கட்டியவள் நான்தானே.

மாற்று ஆளாக வந்தவர் ஐந்தாம் நாள் சொல்லாமல் போய்விட்டார். மூன்றாவது ஆள் வரவே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரல் மாறியது. “ரீஃபண்ட் கிடையாது மேடம், அக்ரிமென்ட்ல இருக்கு பாருங்க.” பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஒரு பக்கம். கீழே என் கையெழுத்து.

இப்போது தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு. நர்ஸ் என்று சொன்னால் படித்தது எந்த நர்சிங் படிப்பு, ஏஎன்எம்மா ஜிஎன்எம்மா, நர்சிங் கவுன்சில் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். அட்டெண்டர் என்றால் அட்டெண்டர்தான், அந்தச் சம்பளம்தான். நீங்கள் கொடுப்பதில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று அவரிடமே கேளுங்கள். ஏஜென்சிக்காரர் முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள். ராத்திரி யார் விழித்திருப்பார்கள், வாரம் ஒரு நாள் லீவில் யார் வருவார்கள் என்பதை முன்கூட்டியே பேசி எழுதி வாங்குங்கள். ஆதார் நகல் மட்டும் போதாது, போலீஸ் வெரிஃபிகேஷனும் வேண்டும். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வீடியோ காலில் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள், முதுகைக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் 1915க்குப் போன் செய்தேன், அது நுகர்வோர் உதவி எண். ஏஜென்சி எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் போட்டுவிட்டேன், வாய்தா ஓடிக்கொண்டிருக்கிறது.

அம்மாவின் புண் ஆற மூன்று மாதம் பிடித்தது. இப்போது பகலில் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், ராத்திரிக்கு இன்னொருவர். செலவு கூடத்தான். அம்மா வாக்கர் பிடித்துக் கொல்லை வரை நடக்கிறாள்.

போன வாரம் எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு விளம்பரம்: “ட்ரெயினிங் பெற்ற நர்ஸ், 24 மணி நேர சேவை.” ஏஜென்சி பெயர் புதிது. போன் நம்பர் அதேதான்.