தி ஹேக் நகரின் அரச ஓவியக்கூடம்

நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் குளக்கரையை ஒட்டி நிற்கும் மவுரிட்ஸ்ஹௌஸ், 17ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபுவின் இல்லமாகக் கட்டப்பட்டு, 1822இல் அரச ஓவியக்கூடமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அரங்குகள் வீட்டின் அறைகளைப் போலச் சிறியவை என்பதால், ஓவியத்துக்கு மிக அருகில் நின்று பார்க்க முடிகிறது; இதுவே இக்கூடத்தின் ஆகப்பெரிய சிறப்பு என்பேன்.

பலர் வெர்மீரின் ‘முத்துக் காதணி அணிந்த பெண்’ ஓவியத்தைத் தேடியே வருகின்றனர். 1881இல் ஏலத்தில் சுமார் இரண்டு கில்டருக்கு (நெதர்லாந்தின் பழைய நாணயம்) விலைபோன அந்த ஓவியத்தில், முத்து என்பது உண்மையில் சில வெளிறிய தீற்றல்களே; காதில் மாட்டும் கொக்கிகூட வரையப்படவில்லை, மற்றதை நம் கண்ணே நிரப்பிக்கொள்கிறது. ஆயினும் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது அதே ஓவியரின் ‘டெல்ஃப்ட் நகரக் காட்சி’தான். மேகத்தின் நிழலில் முன்வரிசைக் கட்டடங்கள் இருண்டிருக்க, பின்னால் உள்ள கூரைகளிலும் தேவாலயக் கோபுரத்திலும் வெயில் விழுகிறது. அந்த ஒளியை எந்த அச்சுப்படியிலும் நான் கண்டதில்லை.

ரெம்பிராண்ட் 1632இல் வரைந்த ‘உடற்கூற்றியல் பாடம்’ ஓவியமும் இங்கேதான் உள்ளது. அதன் பிரம்மாண்டத்தில் மூழ்கி, ஃபாப்ரிட்டியஸ் 1654இல் தீட்டிய, மெல்லிய சங்கிலியால் பிணைக்கப்பட்ட சிறு பறவையைத் தவறவிட்டுவிடாதீர்கள். 33 சென்டிமீட்டர் உயரத்தைச் சற்றே தாண்டும் அந்தப் பலகை ஓவியத்தைத் தீட்டிய அதே ஆண்டில், டெல்ஃப்ட் வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் அவர் உயிரிழந்தார்.