முன்னாள் மாணவிகள் குழுவை நடத்திப் பார்த்ததில்: வாட்ஸ்அப், டெலிகிராம், மின்னஞ்சல், ஒரு நோட்டுப் பதிவேடு

பெண்கள் நல மையம் ஒன்றில் படித்தவள் நான். அங்கே படித்து முடித்துப் போனவர்களைத் தொடர்பில் வைத்திருக்கும் பொறுப்பும் சில வருடங்களாக என்னிடம்தான் இருக்கிறது. வாட்ஸ்அப், டெலிகிராம், மின்னஞ்சல், காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருள் என்று எல்லாவற்றிலும் குழுவை ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. இதே வேலையை இப்போது ஆரம்பிப்பவர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

மற்ற படிப்புகளின் முன்னாள் மாணவர் குழுக்கள் பழைய போட்டோவிலும் பிறந்தநாள் வாழ்த்திலும் ஓடும். எங்கள் குழுவில் அந்த உற்சாகம் மூன்றாவது மாதமே வடிந்துவிட்டது. இங்கே படித்தவர்கள் பிரசவ அறையில் இருக்கிறார்கள், கருத்தடை ஆலோசனை சொல்கிறார்கள், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்கிறார்கள். பலருக்குப் பணியிடத்தில் பக்கத்தில் கேட்க ஆள் கிடையாது. மேலதிகாரியிடம் கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று பார்ப்பார்கள். அந்த நேரத்தில்தான் குழுவைத் திறக்கிறார்கள். அதனால் எந்தச் செயலியையும் நான் பார்ப்பது ஒரே கணக்கில்: ஒருத்தி கூச்சப்படாமல் இதில் சந்தேகம் கேட்பாளா, கேட்டால் அன்றைக்கே பதில் வருமா?

அந்தக் கணக்கில் வாட்ஸ்அப் முன்னால் நிற்கிறது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, எல்லோர் கையிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு குழுவில் 256 பேர்தான் என்று இருந்த காலத்தில் எல்லா பேட்ச்சையும் ஒன்றாகச் சேர்ப்பது கஷ்டம். 2022இல் அந்த வரம்பு 1,024 ஆனது, கம்யூனிட்டி என்ற வசதியும் வந்தது. எங்களுக்கு நிஜமான மாற்றம் இந்த இரண்டாவதுதான். மேலே அட்மின்கள் மட்டும் எழுதும் அறிவிப்புக் குழு, கீழே பேட்ச் வாரியாகச் சின்னக் குழுக்கள், கூடவே 'சந்தேகம்' என்று தனியாக ஒன்று. பயிற்சி வகுப்புத் தேதி, வேலைவாய்ப்பு எல்லாம் மேலே போகும், அரட்டை கீழேயே நிற்கும். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவர்கள் பேட்ச் குழுவை மியூட் செய்துவிட்டு அறிவிப்பை மட்டும் பார்க்கலாம்.

அறிவிப்புக் குழுவில் உறுப்பினரின் எண் அட்மின்களுக்கும் அவரைத் தொடர்புப் பட்டியலில் வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே தெரியும் என்பதும் நல்லது. முன்பின் தெரியாத அழைப்புகளுக்குப் பயந்தே சேராமல் இருந்த சிலர் இதைச் சொன்னதும் வந்தார்கள். ஆனால் கீழே உள்ள சாதாரணக் குழுக்களில் எண் எல்லோருக்கும் தெரியும். சேர்க்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

டெலிகிராம் ஒழுங்கில் கெட்டி. தலைப்பு வாரியாகப் பிரிக்கலாம்: 'பாலூட்டல்', 'ரத்தசோகை', 'கருத்தடை' என்று. புதிதாகச் சேருபவர் பழைய உரையாடலை முழுக்கப் படிக்கும்படி வைக்கலாம். எண்ணை மறைக்கலாம். இவ்வளவு இருந்தும் எங்கள் ஆட்கள் அதைத் திறக்கவில்லை. வீட்டு ஆட்களும் வேலை இடத்து ஆட்களும் இன்னொரு செயலியில் இருக்கும்போது இதற்கென்று யார் தனியாக வருவார்கள்? தவிர, பேசிக்கொள்பவர்களைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி காக்கும் முழு மறைகுறியாக்கம் அதன் குழு உரையாடல்களுக்கு இல்லை. இருவருக்கு இடையிலான ரகசிய உரையாடலுக்கு மட்டும்தான் அது. இப்போது அதை நூலகமாக மட்டும் வைத்திருக்கிறோம். வாட்ஸ்அப்பில் வந்த நல்ல பதில்களை ஒருத்தர் சுருக்கி அங்கே போட்டு வைக்கிறார், பெயரில்லாமல்.

மின்னஞ்சலைப் பற்றி யாரும் ஆசையாகப் பேசுவதில்லை. ஆனால் எண் மாறினாலும், நாடு மாறினாலும் முகவரி அப்படியே இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு மூன்று கடிதம் அனுப்ப அதுவே போதும். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பார்க்க அழகாக இருந்தது, கடவுச்சொல் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை, சந்தா முடிந்ததும் விட்டுவிட்டோம்.

இனி சந்தேகக் குழுவில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். இத்தனை உழைப்பும் அதற்காகத்தான்.

இந்தத் துறையில் படித்தது பழசாகிக்கொண்டே இருக்கும். மூத்த பேட்ச் ஆட்கள் கர்ப்ப காலத்தில் குறைந்தது 4 முறை பரிசோதனை என்று படித்தவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2016இல் அதை 8 சந்திப்புகள் என்று மாற்றியது. கருப்பைவாய் 4 செ.மீ. திறந்தால் பிரசவம் தீவிரக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்பதும் அவர்கள் பாடம்தான். 2018 பரிந்துரையில் அது 5 செ.மீ. ஆனது. மணிக்கு 1 செ.மீ. வீதம் திறந்தே ஆக வேண்டும் என்று எல்லாப் பெண்களிடமும் எதிர்பார்க்கக் கூடாது என்றும் அதில் சொன்னார்கள். பிறகு 2020இல், பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று கோடு போட்டுக் குறிக்கும் பார்ட்டோகிராஃப் படிவத்துக்குப் பதிலாகப் புதிய பிரசவப் பராமரிப்புப் படிவமே வந்தது.

இளைய பேட்ச் பெண் ஒருத்தி 5 செ.மீ. என்று எழுதியதும் மூத்த அக்கா ஒருவர், "எங்கள் காலத்தில் நாலுக்கே கோடு போட ஆரம்பித்துவிடுவோம்மா, இப்போது காத்திருக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். அடுத்த இரண்டு நாளும் குழுவில் வேறு பேச்சே இல்லை. அவசரப்பட்டு மருந்து ஏற்றியது, காத்திருந்ததில் தானாகவே நடந்தது என்று ஒவ்வொருவரும் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இப்படி ஒரு விவாதத்தை நான் பார்த்ததில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசிக்கு 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸும் போதும் என்று 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை வந்தபோதும் அப்படித்தான். இரண்டு டோஸ் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவர்கள் இனி பெற்றோரிடம் எப்படி மாற்றிச் சொல்வது என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல அதே சங்கடத்தில் இருந்த இன்னொருத்தியால்தான் முடிந்தது. அவரவர் நாட்டின் தடுப்பூசி அட்டவணை என்ன சொல்கிறதோ அதையே சொல்லுங்கள், காரணத்தை மட்டும் இப்படி விளக்குங்கள் என்று நான்கு வரி எழுதிக்கொடுத்தாள். பலர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

இது நடக்க வேண்டுமென்றால் சில கட்டுப்பாடுகள் கறாராக இருக்க வேண்டும். நோயாளியின் பெயர், படம், ரிப்போர்ட் எதுவும் குழுவுக்குள் வரக்கூடாது. ஒருமுறை மட்டும் பார்க்கும் வசதியில் அனுப்பினாலும் கூடாது. நம் ஆட்களில் பலருடைய போனை வீட்டில் இன்னொருவரும் எடுப்பார். வயது, எத்தனையாவது பிரசவம், எத்தனையாவது வாரம், என்ன பிரச்சினை, இவ்வளவு போதும் பதில் சொல்ல. சின்ன இடத்தில் வேலை செய்பவர் என்றால் வயதைக்கூடத் தோராயமாகச் சொல்லச் சொல்கிறோம்.

இன்னொன்று, அவசரத்துக்குக் குழு உதவாது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று டைப் செய்துகொண்டிருப்பதற்குள் நிலைமை கைமீறிப் போகலாம். 'அவசரம் என்றால் உதவிக்கு ஆள் கூப்பிடு, மேல் மருத்துவமனைக்குப் போன் செய், எழுதாதே' என்பதைக் குழுவின் உச்சியில் பின் செய்து வைத்திருக்கிறோம்.

ஃபார்வர்டு தொல்லை தனி. இரட்டை அம்புக்குறியோடு வருவது பல கை மாறி வந்த மெசேஜ். மூலம் சொல்லாமல் அது சந்தேகக் குழுவுக்கு வந்தால் அழித்துவிடுகிறோம், அனுப்பியது ஆசிரியையாக இருந்தாலும் சரி. (காலை வணக்கப் பூக்களை நிறுத்தச் செலவழித்த நேரத்தில் நான் இன்னொரு பட்டமே வாங்கியிருக்கலாம்.)

அப்புறம் பதிவேடு. எந்தச் செயலியைவிடவும் இதையே முக்கியமாக நினைக்கிறேன். பெண்களின் எண் அடிக்கடி மாறுகிறது: கல்யாணம், இடமாற்றம், வெளிநாட்டு வேலை. எண் மாற்றும் வசதி வாட்ஸ்அப்பிலேயே உண்டு, குழுக்களுக்கும் தகவல் போகும், ஆனால் பெரும்பாலோர் புது சிம்மைப் போட்டுக்கொண்டு புதிதாக ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் நோட்டில் பெயர், படித்த காலப் பெயர், மின்னஞ்சல் ஆகியவற்றோடு 'நீங்கள் கிடைக்காவிட்டால் யாரைக் கேட்கலாம்?' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பெரும்பாலும் கணவர் பெயர் இருக்காது, அறைத்தோழி பெயர்தான் இருக்கும். தொலைந்துபோனவர்களில் பாதிப் பேரை அந்தக் கட்டம்தான் மீட்டது.

குழந்தை பிறந்து வேலையை விட்டவர்கள் சத்தமில்லாமல் வெளியேறுவார்கள். வெளியேறிய தகவல் அட்மினுக்கு மட்டும்தான் போகும். ஏன் போனாய் என்று நான் கேட்பதில்லை. சில மாதம் கழித்து, 'பாலூட்டல் பற்றி ஒரு விவாதம் ஓடுகிறது, உன் அனுபவத்தைச் சொல்கிறாயா?' என்று தனியாக எழுதுவேன். நலமா என்று கேட்டால் பதிலுக்கு ஒரு எமோஜி பொம்மைதான் வரும். இப்படிக் கேட்டால் ஆளே திரும்பி வருகிறாள்.

இப்போது பேட்ச்சுக்கு ஒரு அட்மின் என்று பிரித்திருக்கிறோம், வருடா வருடம் ஆள் மாறும். நோட்டின் ஒரு பிரதி மைய அலுவலகத்தில் பூட்டில் இருக்கிறது. ஸ்மார்ட்போன் வைத்துக்கொள்ளாத மூத்தவர்களுக்கு அவரவர் பேட்ச் அட்மின் மாதம் ஒருமுறை போன் செய்து அறிவிப்புகளைப் படித்துக்காட்ட வேண்டும் என்பதும் அந்தப் பொறுப்பில் சேர்ந்தது.