காசோலையைக் கொடுத்துவிட்டுப் படகு வீட்டைக் கொண்டுபோனார்கள்: வெளிநாடு போகிறவர்கள் கவனம்

பதின்மூன்றரை இலட்சம் ரூபாய். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நாங்கள் வைத்திருந்த படகு வீடு எஞ்சினோடு போய்விட்டது. வீட்டில் இருப்பது வங்கி திருப்பி அனுப்பிய ஒரு காசோலை மட்டும். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் மரியாதை பார்த்துப் பாதியை விழுங்கிவிடுவேன்.

தாதி வேலைக்கு இங்கிலாந்து போக எனக்கு விசா வந்ததும் படகை என்ன செய்வது என்ற பேச்சு வீட்டில் தொடங்கியது. சும்மா கட்டி வைத்துவிட்டுப் போக முடியாது. 1965இல் விமலசுரேந்திர நீர்மின்நிலையத்துக்காகக் கட்டிய அணை இது. நம்முடைய படகு மிதப்பதற்காக யாரும் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்க மாட்டார்கள். மழை ஓய்ந்த மாதங்களில் கரை இறங்கிக்கொண்டே போகும். கயிற்றை அவிழ்த்து அவிழ்த்து உள்ளே தள்ளிக் கட்டாவிட்டால் மிதவைகள் சேற்றில் உட்கார்ந்து படகு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தென்மேற்குப் பருவமழை வந்தால் கரையில் அடித்த முளையே தண்ணீருக்குள் போய்விடும். அப்பாவுக்கு முழங்கால் முடியவில்லை. தம்பிக்குக் கொழும்பில் வேலை. விற்பதென்று முடிவானது.

பழைய பொருட்களை வாங்கவும் விற்கவும் விளம்பரம் போடும் இணையத்தளம் ஒன்றில் போட்டோம். மேற்குக் கரையோரம் படகு வாங்கி விற்கும் கடைக்காரர் ஒருவர் பேசினார். அவர் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சைக் குறி வேறு இருந்தது. எதைச் சரிபார்த்தார்களோ!

நேரில் வந்தார். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. விலை பேசுவதற்கு முன்பே, "தங்கச்சி, நானும் லயத்தில் பிறந்தவன்தான். அம்மா பொகவந்தலாவையில் கொழுந்து பறித்தவர்" என்றார். லயம் என்றால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அம்மா கொடுத்த பிளேன்டீயை, சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடித்தார். அப்படிக் குடிக்கிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? இந்தப் படகில் அப்பாவின் சேமலாப நிதிப் பணம் இருக்கிறது என்று தெரிந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, உங்கள் வியர்வைக் காசில் எனக்கு இலாபம் வேண்டாம்" என்றார். அப்பாவின் கண் கலங்கிவிட்டது. பேசிய விலை பதினான்கரை இலட்சம். ஒரு இலட்சத்தை நோட்டாக எண்ணிக் கொடுத்தார். மீதிப் பதின்மூன்றரை இலட்சத்துக்குக் காசோலை.

அவர் லொறி கொண்டுவந்த நாளைப் பாருங்கள்: வெள்ளிக்கிழமை பின்னேரம். அடுத்து சனி, ஞாயிறு, திங்கட்கிழமை பௌர்ணமி விடுமுறையான போயா. அவருடைய ஆட்கள் கூரையைக் கழற்றி, அறைப் பலகைகளைப் பிரித்து, மிதவைகளைத் தனித்தனியாக ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் ஹட்டனுக்குப் போய் இயந்திரத்தில் காசோலையைப் போட்டேன். அன்றிரவே கைத்தொலைபேசியில் கணக்கைப் பார்த்தால் தொகை கூடியிருந்தது. அது வெறும் கணக்குப் பதிவு. காசோலை வங்கிகளுக்கிடையே போய், அவருடைய வங்கி பணத்தைத் தந்த பிறகுதான் அந்தப் பணம் நம்முடையது. அதற்கு அடுத்த வேலை நாள் வர வேண்டும். இது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. புதன்கிழமை வங்கியிலிருந்து தகவல் வந்தது: கணக்கில் போதிய பணமில்லை.

அதன் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது! முதலில், "ஐயோ தங்கச்சி, ஒரு வாடிக்கையாளர் எனக்குத் தர வேண்டியது பிந்திவிட்டது, மறுபடி போடுங்கள்" என்றார். போட்டேன், திரும்பியது. பிறகு தொலைபேசியை ஒரு பெண் எடுத்து, மஹத்தயா (ஐயா) கடலுக்குப் போய்விட்டார் என்றார். கடையில் உட்கார்ந்து படகு விற்கிறவருக்குக் கடலில் என்ன வேலை? பிறகு, படகில் ஓட்டை இருக்கிறது, விலையைக் குறைக்க வேண்டும் என்று ஒரு செய்தி. கடைசியாக, "நீங்கள்தான் வெளிநாடு போகிறீர்களே, இந்தக் காசு உங்களுக்கு ஒரு காசா?" என்றார். லயத்தில் பிறந்தவர் கேட்கிற கேள்வியா இது?

இணையத்தளத்துக்கு எழுதினேன். விளம்பரம் போட இடம் தருவது மட்டுமே தங்கள் வேலை, கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. பொலிசில் முறைப்பாடு கொடுக்கப் போனால், கடை இருக்கும் ஊருக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால், காசோலை கைமாறிய ஊருக்குப் போகச் சொன்னார்கள். பதின்மூன்றரை இலட்சம் இரண்டு ஊருக்கும் நடுவே தொங்குகிறது.

வெளிநாடு போகும்போது படகு, வேன், முச்சக்கரவண்டி எதுவானாலும் எப்படிக் கைமாற்றுவது என்று விரிவாக எழுதித் தருவதாகச் சில நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனமில்லை. காசோலை வேண்டாம். வங்கிக்கு வங்கி உடனே மாற்றும் வசதி இருக்கிறது. பணம் வந்துவிட்டதா என்று வங்கியிலேயே கேளுங்கள், திரையைக் காட்டினால் நம்பாதீர்கள். நீண்ட விடுமுறைக்கு முதல் நாள் எதையும் ஏற்றிவிடாதீர்கள். காசோலை திரும்பினால் வங்கி தரும் துண்டைத் தொலைக்காதீர்கள்; பணமில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்படி குற்றம் என்று சட்டத்தரணி சொல்கிறார். விமானம் ஏறுவதற்கு முன் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம், அதாவது உங்களுக்காகச் செயற்படும் அதிகாரம், எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் வழக்குக்கு நீங்களே பறந்து வர வேண்டியிருக்கும். நான் தம்பிக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

இன்னொன்று. இரண்டு வெள்ளை மிதவை, பச்சைக் கைப்பிடி, இடது மிதவையின் மூக்கில் அப்பா கையால் வைத்த சதுரமான ஃபைபர் ஒட்டு. இப்படி ஒரு படகு வீட்டைக் கரையோரத்தில் யாராவது உங்களிடம் விற்க வந்தால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், பொலிசுக்குச் சொல்லுங்கள். அதற்கான பதின்மூன்றரை இலட்சம் எங்களுக்கு இன்னும் வரவில்லை.