ஃபுட்பால் நட்சத்திரமா, பக்கத்து ஊர்ப் பெண்ணா: கடை விளம்பரத்துக்கு யாருக்குப் பணம் கொடுக்கலாம்?

நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் பெரிய தொழில்முறை லீக் அணி எதுவும் கிடையாது. பல்கலைக்கழகத்தின் ஹஸ்கர்ஸ் அணிகள்தான் ஊருக்கு எல்லாம். 1962 முதல் சொந்த மைதானத்தில் நடந்த அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் அத்தனையும் அரங்கு நிறைந்தவை என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் 2021 ஜூன் வரை அந்த அணியில் ஒருவர் ஏதோ ஒரு கடைக்கு விளம்பரம் செய்து காசு வாங்கினால் ஆடும் தகுதியே போய்விடும். ஜூலை 1 அன்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அந்தத் தடையை எடுத்தது. வீரர்களையும் விளம்பரதாரர்களையும் இணைக்கும் ஓப்பன்டோர்ஸ் நிறுவனமே இந்த ஊரில் பிறந்ததுதான். 2012இல் முன்னாள் ஹஸ்கர்ஸ் வீரர்கள் இருவர் தொடங்கியது. ஆகவே இங்கே தோசைக் கடை வைத்திருக்கும் எனக்கும் ஒரு வீரரை வைத்து விளம்பரம் செய்யும் ஆசை வந்ததில் வியப்பில்லை.

2025 இலையுதிர் பருவத்துக்கு என் முன்னால் இரண்டு பேர். ஒருவர் ஃபுட்பால் அணியில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்: ஒரு இன்ஸ்டாகிராம் பதிவு, கடையில் ஒரு மணி நேரம் இருப்பது, 1,500 டாலர். இன்னொருவர் தடகள அணிப் பெண், காரில் போனால் ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள சிற்றூர்க்காரர்: பருவம் முழுக்க மாதம் இரண்டு வீடியோ, 550 டாலர். நான் எடுத்தது இரண்டாவதை. சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்துவிட்டதல்லவா, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பின்தொடர்பவர் எண்ணிக்கையில் ஃபுட்பால்காரர் எங்கோ இருக்கிறார். சரி. ஆனால் டெக்சஸிலும் ஃபுளோரிடாவிலும் இருக்கும் ரசிகர் லைக் போடுவார், மசால் தோசை சாப்பிட வரமாட்டார். அதற்கு மேல் இதைப் பேச வேண்டியதில்லை.

பலர் கவனிக்காத ஒன்று ஜெர்சி. அனுமதி வாங்காமல் பல்கலைக்கழகத்தின் சின்னத்தையோ சீருடையையோ விளம்பரத்தில் காட்டக்கூடாது. ஃபுட்பால் ஆட்டக்காரரை ஊர் பார்ப்பது ஹெல்மெட்டுக்குள். தெரிவது எண்ணும் உயரமும்தான். வெற்றுச் சிவப்பு டிஷர்ட்டில் சாம்பார்க் கிண்ணத்தோடு உட்கார வைத்தால் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைத் தவிர மற்றவர்களை எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்? ஒருநாள் என்னிடம் 1,500 கேட்ட அந்த ஃபுட்பால்காரர் சாப்பிட வந்தபோது, வாராவாரம் ஆட்டம் பார்க்கும் எங்கள் கல்லாப் பையன் பெயரைக் கேட்டுத்தான் டோக்கன் எழுதினான்.

இதையெல்லாம்விட எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றே: கொடுத்த காசுக்கு அந்த ஆள் ஊரில் இருப்பாரா?

விளம்பரம் செய்தவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் படம் செத்துப்போகும். வெறுமனே பழசாவதில்லை, எதிர்விளைவே வரும். போனவர் மேல் ரசிகர்களுக்குக் கோபம் இருக்கும், அந்தப் படம் உங்கள் கடைச் சுவரில் தொங்கும். முன்பெல்லாம் கல்லூரி மாறினால் பெரும்பாலும் ஒரு வருடம் உட்கார வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் அந்தக் கட்டுப்பாடும் போனது. படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். அதன்மேல் 2025 ஜூலை முதல், வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தின்படி, அதில் சேர்ந்த ஒவ்வொரு பல்கலைக்கழகமும் நேரடியாகவே வீரர்களுக்குப் பணம் கொடுக்கலாம், முதல் வருடத்துக்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்குத்தான் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். வேறொரு கல்லூரி கூடுதலாகக் கொடுக்கிறேன் என்றால், என் 1,500 டாலரா அவரைப் பிடித்து நிறுத்தும்?

இந்த ஊர் பார்த்த உதாரணங்களே போதும். 2022இல் டிகோல்டஸ்ட் க்ராஃபோர்ட் என்ற இளம் ஆட்டக்காரரை ஒமாஹாவின் ஏசி நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் செய்தது. பெயரிலேயே குளிர்ச்சி, வேறென்ன வேண்டும். நாடே சிரித்து ரசித்த விளம்பரம் அது. அந்தப் பருவம் காயத்தில் போனது, அப்புறம் அவர் லூசியானா டெக் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அந்த நிறுவனத்துக்கு நஷ்டம் என்று சொல்ல மாட்டேன், நாடு முழுக்கக் கிடைத்த பெயர் காசுக்கு மேலானது. ஆனால் அப்படி ஒரு பெயர் எல்லாருக்கும் வாய்க்காதே. குவார்ட்டர்பேக் டிலன் ரையோலாவுக்கு 2025 நவம்பர் தொடக்கத்தில் கால் எலும்பு முறிந்தது. பருவம் முடிந்ததும் அவரும் வேறு கல்லூரிக்குக் கிளம்பினார்.

நான் எடுத்த பெண்ணும் போகலாம்தான். பெற்றோர், தாத்தா, பாட்டி எல்லாரும் இதே மாநிலத்தில் இருப்பதால் வாய்ப்பு குறைவு என்று கணக்குப் போட்டேன். பயன் வந்ததும் அந்த வழியில்தான். அவர் படித்த உயர்நிலைப் பள்ளியின் கோச், ஓட்டப்பந்தயம் முடிந்து திரும்பும் பிள்ளைகளை வேனோடு கூட்டிவந்தார். தோசை என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள். பாதிப் பேர் கரண்டியால் சட்னியை மட்டும் சாப்பிட்டார்கள், மறுமுறை அவர்களே பெற்றோரை அழைத்துவந்தார்கள்.

காகித வேலையிலும் சின்ன லாபம் உண்டு. 600 டாலரும் அதற்கு மேலும் போகும் வெளி ஒப்பந்தங்களை டெலாய்ட் என்ற தணிக்கை நிறுவனம் நடத்தும் என்.ஐ.எல். கோ (என்.ஐ.எல். என்றால் வீரரின் பெயர், படம், சாயல்) தளத்தில் வீரர் பதிவு செய்ய வேண்டும். உண்மையான வியாபாரத் தேவைதானா, தொகை நியாயமா என்று அங்கே பார்ப்பார்கள். 550க்கு அது தேவைப்படவில்லை. ஆனால் இலவசச் சாப்பாடும் ஊதியத்தில் சேரும், வரிக்கும் உட்பட்டதுதான். அதனால் தட்டை நீட்டும் முன் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைவிக்கு வேறு யோசனை இருந்தது: டென்னிஸ் ஆட வந்த நம்மூர்ப் பையன் யாரையாவது பிடிக்கலாமே என்று. எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவரை இங்கே வேலை வாங்கி விளம்பரக் காசு கொடுத்தால் விசாவுக்கே ஆபத்து. கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் ட்ஷிப்வே 2022இல் தன் விளம்பரப் படப்பிடிப்புகளை பஹாமாஸில் வைத்துக்கொண்டது அதனால்தான். ஒரு தோசைக்கு பஹாமாஸ் போக முடியுமா?

ஃபுட்பால்காரர் எப்போது சரி? புதுக் கிளை திறக்கும் நாள், அல்லது சொந்த மைதானத்தில் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை. ஒரே நாள் கூட்டம்தான் வேண்டுமென்றால் அவர்தான், அதில் சந்தேகமில்லை. பெரிய பட்ஜெட் உள்ளவர்களுக்கு ரன்சாவின் வழியும் உண்டு. அந்த உள்ளூர் சாண்ட்விச் கடைச் சங்கிலி 2021இல், தங்கள் செயலிக்கு விளம்பரம் செய்ய முன்வரும் முதல் 100 கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவதாக அறிவித்தது. யார் போனாலும் 99 பேர் மிச்சம்.

வாலிபால் பற்றி எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. 2023 ஆகஸ்ட் 30 அன்று ஃபுட்பால் மைதானத்தில் நடந்த ஹஸ்கர்ஸ் பெண்கள் வாலிபால் ஆட்டத்துக்கு 92,003 பேர் வந்த ஊர் இது. அந்தப் பெண்களுக்கு ஹெல்மெட் கிடையாது, முகம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் கேட்கும் தொகையை என் கல்லா தாங்காது என்று விசாரிக்காமலே விட்டுவிட்டேன். யாரோடு பேசினாலும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: பணம் மாதாமாதம்தான், மொத்தமாக முன்பணம் இல்லை, கல்லூரி மாறினால் அந்த மாதத்தோடு முடிந்தது. எங்கள் பெண் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். ஃபுட்பால்காரரின் ஏஜென்ட் அந்த வரியைப் பார்த்ததோடு பேச்சை நிறுத்திவிட்டார்.