தானியக் கதிர் நாணயங்கள்: விரலுக்குப் பிரமாதம், கண்ணுக்குப் பத்தாது

2019 மார்ச்சில் வெளியிட்ட தானியக் கதிர் வரிசையைப் பற்றித்தான் சொல்கிறேன், 1, 2, 5, 10, 20 ரூபாய். பார்வையற்றவர்கள் தடவியே பிரித்தறிய வேண்டும் என்பதற்காக, மதிப்பு ஏற ஏற எடையும் ஏறும்படி செய்திருக்கிறார்கள். வடிவமைத்தது அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம்.

இதில் 20 ரூபாய்தான் டாப். 10 ரூபாயும் இதுவும் ஒரே அகலம், 27 மில்லிமீட்டர், ஆனால் குழம்பவே குழம்பாது: 20-க்குப் பன்னிரண்டு பக்கம், விளிம்பு வழவழப்பு, 10 வட்டம், விளிம்பெல்லாம் வரி வரியாக இருக்கும். நிறமும் அப்படியே தலைகீழ். 10-ல் மஞ்சள் வளையத்துக்குள் வெள்ளை, 20-ல் வெள்ளை வளையத்துக்குள் மஞ்சள். பஸ் கூட்டத்தில் பாக்கெட்டுக்குள் விரலை விட்டாலே எது எது என்று தெரிந்துவிடுகிறது, ஒரு நாணயத்திடம் நான் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான்.

படம்தான் ஏமாற்றம். ஐந்து நாணயத்திலும் அதே கதிர், பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறது. 2007-ல் வந்த முத்திரை வரிசையை, அதாவது நாட்டியத்தில் வருவதுபோல் கை முத்திரை போட்ட நாணயங்களை எடுத்துப் பாருங்கள், 1 ரூபாயில் கட்டைவிரலை உயர்த்திய கை, 2 ரூபாயில் இரண்டு விரல், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கையே கணக்குச் சொல்லிவிடும், என்ன அழகான யோசனை! ஆனால் அளவில் கோட்டை விட்டார்கள். அந்த முத்திரை வரிசையின் 50 பைசா 22 மில்லிமீட்டர், 2011-ல் வந்த புது 1 ரூபாயும் அதே 22, இரண்டும் ஒரே வெள்ளை நிறம். தடவிப் பார்த்து வாங்குபவர் என்னதான் செய்வார்?

அப்புறம் இந்த 10 ரூபாய் பிரச்சினை. அதுவரை வந்த 14 டிசைன்களுமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே அறிவித்தும், "இது செல்லாதுங்க" என்று திருப்பிக் கொடுக்கும் கடைகளை நானே பார்த்திருக்கிறேன். டிசைனை மாற்றினால் மட்டும் போதாது, கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் வரைக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்.

அளவையும் விளிம்பையும் இப்படியே விட்டுவிட்டு, அடுத்த முறை 1 ரூபாயில் நெல், 2-ல் கேழ்வரகு, 5-ல் கம்பு என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பயிரைப் போடட்டும், அதுவும் ஓரத்தில் இல்லாமல் நன்றாகப் பெரிதாக.