கடையில் நாலு நாள் உட்கார்ந்துவிட்டுப் போன சிஸ்டம் அனலிஸ்ட்

காசிமேட்டில் எங்களுக்குப் படகுச் சாமான் கடை. கயிறு, வலை, மிதவை, பெயின்ட், பேட்டரி எல்லாம் உண்டு. 2024-ல் ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கினோம். விற்க வந்தவர் இருபது நிமிஷம் டெமோ காட்டினார், டீ குடித்தார், போய்விட்டார். மே மாதம் அது தானாகவே, முப்பது நாள் தாண்டிய பாக்கிக்காரர் எல்லோருக்கும் மெசேஜ் தட்டிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது கடனுக்குச் சாமான் எடுத்து ரிப்பேர் பார்ப்பார்கள், கடலுக்குப் போய் வந்த பிறகு அடைப்பார்கள். "போட்டு கரையில நிக்குது, துட்டு கேட்டு மெசேஜ் உடுறியா?" என்று ஓர் ஓனர் கல்லா முன்னால் நின்று கத்தியதில் அப்பாவுக்கு பி.பி. ஏறிவிட்டது.

அதனால் எங்கள் கடைக்கென்றே சாஃப்ட்வேர் எழுத, 2025 மார்ச்சில் பெரம்பூரில் ஒரு சின்ன டீமைப் பிடித்தோம். புரோகிராமர் வருவார் என்று பார்த்தால், சிஸ்டம் அனலிஸ்ட் என்று ஒரு பெண் வந்தார்; கடை வேலை எப்படி நடக்கிறது, சாஃப்ட்வேர் என்ன செய்ய வேண்டும் என்று பார்த்து எழுதிக் கொடுப்பவராம். ஆய்வுக்கு மட்டும் தனியாக 18,000 ரூபாய். ஒரு வரி கோடு எழுதும் முன்னாலேயே பணமா என்று எனக்கு எரிச்சல்தான்.

முதல் நாள் ஸ்டூல் போட்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்தார், கேள்வியே இல்லை. மறுநாள் பையன் கயிறு அளக்கும்போது ஆரம்பித்தார். கயிறு சுருளாக வரும், கிலோவில் விற்போம், கொஞ்சமாகக் கேட்டால் பாகக் கணக்கு. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். "அண்ணா, அப்பா கைக்கும் தம்பி கைக்கும் அரை அடி வித்தியாசம் வருதே, ஸ்டாக்ல யார் கையைக் கணக்கு வைக்கிறது?" என்றார். கயிறு ஸ்டாக் வருஷா வருஷம் இடிக்கும். அந்தப் பையன் மேல் சந்தேகப்பட்டிருக்கிறோம், பாவம். இப்போது பில் பாகத்தில், ஸ்டாக் கிலோவில். ராத்திரி மீதிச் சுருளை எடை போட்டுப் பதிகிறோம்.

மூன்றாம் நாள் அப்பாவின் நீல நோட்டைப் பார்த்துவிட்டார். படகுக்கு ஒரு பக்கம். "படகை வித்துட்டா பாக்கி யாரோடது?" நான் ஓனரோடது என்றேன், அதே நேரத்தில் தம்பி படகோடது என்றான். கஸ்டமர் முன்னாலேயே எங்களுக்குள் சண்டை. அந்தப் பெண் பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார். கடைசியில் அப்பா சொன்னபடி பாக்கி ஓனர் பேரில், படகு எண் தேதியோடு தனியாக.

டேட்டாபேஸ், மாட்யூல் என்று எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாமான், பணம், காகிதம் எங்கிருந்து எங்கே போகிறது என்று வட்டமும் அம்புக்குறியுமாக ஒரு படம் போட்டு அப்பாவிடம் நீட்டினார். அப்பா பென்சிலால் ஓர் அம்பு சேர்த்தார்: சில படகுகளுக்கு ஏல ஏஜென்ட்டே மீன் காசில் பிடித்து நேராக எங்களுக்குக் கொடுப்பார். நாலு நாளில் நாங்கள் யாரும் அதைச் சொல்லவே இல்லை!

வரி விகிதத்தையும் தேதி போட்டு வைக்கச் சொல்லியிருந்தார். 2025 செப்டம்பர் 22-ல் பேட்டரிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனபோது அதன் அருமை தெரிந்தது. அதற்கு முன்னால் விற்ற பேட்டரி திரும்பி வந்தால் கிரெடிட் நோட் பழைய 28-லேயே விழுகிறது.

குறையும் இருக்கிறது. தேவைகளை எழுதிய ஆவணம் 34 பக்கம், முழுக்க ஆங்கிலம். கேட்ட பிறகுதான் தமிழில் ஆறு பக்கம் கொடுத்தார். அவர் தெளிவாக எழுதியும் புரோகிராமர் படிக்கவில்லை போலிருக்கிறது, முதல் பில்லில் 'கயிறு 12 பார்ட்ஸ்' என்று வந்தது. பாகத்தைப் பார்ட்ஸ் ஆக்கிவிட்டார்கள்! கூப்பிட்டதும் அந்தப் பெண்ணே நேரில் வந்து, இரண்டு நாள் எங்கள் பழைய பில்களையெல்லாம் போட்டுச் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்துக் கேட்டார். ஏப்ரலில் தருவதாகச் சொன்னது ஜூன் முதல் வாரம்தான் கைக்கு வந்தது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அதுவும் அனலிஸ்ட்டுக்காக. கூப்பிடுவதென்றால் ஜனவரியிலேயே கூப்பிடுங்கள். நாங்கள் மார்ச்சில் கூப்பிட்டு, தடைக்காலத்தில் பெரும்பகுதியை நீல நோட்டிலேயே ஓட்டினோம்.